ஒரே முகவரியில் பதினோரு வீடுகள்

சந்திரமதியின் இடது காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு நாள்தோறும் காலை எட்டு மணிக்குக் கட்டு மாற்றியவள் நான். அவளைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அதுதான். ஓர் ஆள் எப்படி என்று தெரிய வேண்டுமானால் புண்ணைக் கழுவும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். சந்திரமதி முகம் சுளித்ததில்லை. அன்றைக்கு யார் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் தாதியாக முப்பத்தொரு வருடம் வாயைக் கட்டியவள். அதனால் கேட்டதில்லை.

காஜா பேராங்கில் இருவருக்கும் ஒரே வரிசையில் வீடு. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில் நான் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அதே ஆண்டு, பதினேழு வயதில், அவள் பண்டார் ஹிலிரில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சுக்குச் சேர்ந்தாள். குடியுரிமை மனு எழுத ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இறங்கிய காலம் அது. ஒரு நாளைக்கு இருபது மனு அடிப்பாளாம். அப்படி அடித்ததில் ஒரு தவறு நடந்தது. இராமலிங்கம் என்று இருவர். ஒருவருடைய தாள்கள் மற்றவர் கோப்புக்குள் போய்விட்டன. ஒருவருக்குக் குடியுரிமை கிடைத்தது. மற்றவர் எட்டு மாதம் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் அலைந்தார். சந்திரமதி பஸ் ஏறித் தோட்டத்துக்கே போய், அது தன் தவறு என்று அவரிடம் நேரில் சொன்னாள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒருவர் தாளோடு இன்னொருவர் தாள் சேர்ந்ததாகப் பேச்சே எழவில்லை.

ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டர் வாங்கினாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இணைய இணைப்போடு ஒரு வட்டு இலவசமாகக் கிடைத்தது. அதில் ஒரே மென்பொருளுக்குள் எல்லாம் அடக்கம்: வலைப்பக்கம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், வாங்கலாம், சொந்தமாகப் பக்கமே செய்யலாம். அதை அவள் பெரியது என்று சொல்வாள். பெரியதை வைத்து வலைப்பக்கம் மட்டும் பார்த்தாள். கடிதத்துக்கென்று தனியாக இன்னொரு மென்பொருளைத் தேடி இறக்கிக்கொண்டாள். அது சின்னது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் தேவதாஸுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் ஒன்னுலயே இருக்கு ஆண்டி. ஓசியா குடுத்திருக்கான். அப்புறம் எதுக்கு இன்னொன்னு? சும்மா சூசா பண்ணித் தொல்லைப்படுறீங்க."

"உங்க வீட்டுல சமைக்கிற குசினியும் கக்கூசும் ஒரே ரூம்புல இருந்தா நடக்குற தூரம் கம்மிதான் தேவதாஸ். கட்டிக்குவீங்களா?"

தேவதாஸ் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன். சின்னதை நிறுவிக் கொடுத்துவிட்டு, கோப்பி குடிக்காமல் போனார்.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வரிசையில் அப்போது வேறு யாரிடமும் கம்ப்யூட்டர் இல்லை. பிள்ளைகளோ லண்டன், பெர்த், துபாய் என்று சிதறியிருந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு மருதமுத்து தன் தம்பிக்கு இவளுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். அடுத்து மூன்று வீடுகள் வந்தன. பிறகு கம்போங் செட்டியிலிருந்து பத்மினி வந்தார். தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் தெரியாது. கப்பலில் வேலை செய்யும் மகன் மலாயில் எழுதுவான். வாசலில் நின்றபடியே "சுடா சம்பாய் கா?" என்று கேட்பார், வந்துவிட்டதா என்று. இரண்டாயிரமாவது ஆண்டு ஜூலைக்குள் பதினோரு வீட்டுக்கும் ஒரே முகவரி என்றாகிவிட்டது.

சின்னதில் வீட்டுக்கு ஒரு பெட்டியாகப் பதினோரு பெட்டிகள் செய்து வைத்திருந்தாள். கடிதம் வந்ததும் அனுப்பியவர் பேரைப் பார்த்து அதுவே உரிய பெட்டியில் போட்டுவிடும். திறக்கக் கடவுச்சொல் வேண்டும். தமிழ் எழுத்துருவையும் அதில் சரியாகப் பொருத்தியிருந்தாள். பெரியதில் அதைப் பொருத்தவில்லை; அதில் திறந்தால் தமிழ்க் கடிதம் எறும்பு மை மிதித்து நடந்ததுபோல் இருக்கும். பெரியதை யார் வேண்டுமானாலும் வந்து தொடலாம்; செய்தித்தாள் படிக்கலாம், கோயில் படம் பார்க்கலாம். சின்னதை அவள் மட்டும்தான் தொடுவாள். வார்டில் சாப்பாட்டு மேசைக்கு யாரும் வரலாம், மருந்து அலமாரிச் சாவி மட்டும் ஒருத்தி இடுப்பில் இருக்கும். நான் அதைப் பார்த்துப் பழகியவள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த ஜூலையில் புண் ஆழமாகிவிட்டது. ஒரு விரல் நிறம் மாறியதைப் பார்த்ததும், "இன்னைக்கே அட்மிட்," என்றேன். திங்கட்கிழமை. அவளுக்குக் காலைவிடப் பெரிய கவலை ஜெயாவின் கடிதம்.

ஜெயா எங்கள் வரிசையில் கடைசி வீடு. முப்பத்து மூன்று வயது. புக்கிட் பாருவில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இங்கிலாந்தில் இன்னொரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். போனிலேயே நேர்காணலும் முடிந்துவிட்டது. முடிவைச் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் சொல்வோம், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை ஏழு.

செவ்வாய் மாலை ஜெயா மருத்துவமனைக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆண்டி, அந்தப் பாஸ்வர்டு மட்டும் சொன்னீங்கன்னா நானே போய்ப் பாத்துக்குவேன். மத்தவங்க லெட்டர தொடவே மாட்டேன்."

"நீ தொட மாட்டே. எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"உனக்குச் சொன்னா நாளைக்கு மருதமுத்து கேப்பாரு. நாளான்னைக்கு பத்மினி கேக்கும். பத்து வீட்டு லெட்டர் அதுல இருக்கு. வெள்ளிக்கிழமை நான் வீட்ல இருப்பேன். நீ போயி வேலையப் பாரு."

நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அதை அங்கேயே அவளிடம் சொன்னேன். "மருந்து அலமாரிச் சாவிய யாருகிட்டயாவது குடுத்திருக்கியா?" என்று திருப்பிக் கேட்டாள். கொடுத்ததில்லை. ஜெயா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மருத்துவர் வந்து கையெழுத்துப் போடும்போது மணி மூன்று. டாக்சியில் அவளைக் கொண்டுவந்து, காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து, கம்ப்யூட்டரைத் தட்டியபோது மணி நான்கு. மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைத்தது. சின்னதைத் திறந்து, கடிதம் இருக்கிறதா என்று இணைப்பு நிறுவனத்திடம் அதைக் கேட்கச் சொன்னாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி கேட்டாள். ஒன்றும் இல்லை. போன் வேலை செய்யட்டும் என்று இணைப்பைத் துண்டித்தாள். நாலரைக்கு, தேநீர் இடைவேளையில், ஜெயாவே கூப்பிட்டாள். போனில் அவள் பேசியது எனக்கே கேட்டது.

"வந்திருச்சா ஆண்டி?"

"காணோம்."

"அப்படின்னா எடுக்கலேன்னு அர்த்தம். பரவால்ல ஆண்டி. நீங்க காலப் பாருங்க," என்றாள். வைத்துவிட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த இல்லம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும், அதுவும் முப்பத்து நான்கு வயதுக்குள்.

சந்திரமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மிஸ்ஸி, இது தப்பு," என்றாள். மிஸ்ஸி என்றால் தாதி; இத்தனை வருடப் பழக்கத்திலும், எல்லாரையும்போல அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எது தப்பு?"

"நாலு நாள்ல ஒன்னுமே வரலேங்குது. சரி, பதினோரு வீட்டுப் பிள்ளைங்களும் ஒரே வாரத்துல கோவிச்சுக்கிட்டாங்கன்னே வச்சுக்க. எடையக் குறைக்கச் சொல்லி ஒருத்தன் டெய்லி எனக்கு விளம்பரம் அனுப்புறானே, அவன் எங்க போனான்? நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

அவள் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கடிதங்கள் எல்லாம் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தில் காத்திருக்கும். நம் பக்கமிருந்து எது முதலில் போய்க் கேட்கிறதோ அதனிடம் முழுவதையும் கொடுத்துவிட்டு அங்கே துடைத்துவிடுவார்கள். அடுத்து வந்து கேட்பவருக்கு வெறும் கைதான். ஒரு வேளை மாத்திரையை ஒருமுறைதான் கொடுப்போம். அதை வேறொருவர் வாங்கிப் போயிருந்தால் நோயாளிக்கு இல்லை.

"யாரோ பெரியத வச்சு கேட்டிருக்காங்க," என்றாள். "மருதமுத்தண்ணனக் கூப்பிடு."

மருதமுத்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி இல்லை. சாமி மாடத்தில் மாலை விளக்கு நிற்கக்கூடாது என்பதால் சந்திரமதி அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். விளக்கேற்றிவிட்டுப் பெரியதில் செய்தித்தாள் படித்துக்கொள்ளட்டும் என்று இணைப்புக்கான கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில் அவருக்கு வெறி. ஆண்டுக்கு நாற்பது எழுதுவார். மூன்று அச்சில் வரும்.

மடித்துக் கட்டிய சாரத்தோடு வந்து கதவருகே நின்றார்.

"விளக்கு ஒருநாளும் நிக்கல, டைப்பிஸ்ட்டம்மா. சாமிமேல சத்தியம்."

"விளக்கப் பத்தி கேக்கல. கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சீங்க?"

"பேப்பர் படிச்சேன்."

"படிச்சு?"

"தேர் பொறப்படுற நேரத்த தப்பாப் போட்டிருந்தான். ஒரு மணி நேரம் தப்பு! சனங்க வெயில்ல நிக்காதா? அதான் ஆசிரியருக்கு ரெண்டு வரி எழுதலாம்னு, அவரு முகவரிய தட்டினேன்." தொண்டையைச் செருமினார். "தட்டினதும் ஒரு கட்டம் வந்துச்சு. பேரு கேட்டுச்சு. உங்க பேரு குடுத்தேன். முகவரி குடுத்தேன். பாஸ்வர்டு கேட்டுச்சு, நீங்க தாள்ல எழுதினதயே குடுத்தேன்."

சந்திரமதி கண்ணை மூடித் திறந்தாள். கடிதத்துக்கும் இணைப்புக்கும் நிறுவனம் கொடுத்தது ஒரே கடவுச்சொல். சின்னதைத் திறக்க அவள் வைத்திருந்ததோ வேறு. சின்னதைப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டாள். பெரியதுக்கும் அஞ்சல் கேட்கத் தெரியும் என்பதை, தான் ஒருநாளும் அதை அப்படிப் பயன்படுத்தாததால், மறந்தே போயிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மடமடன்னு லெட்டரு இறங்குச்சு. நம்ம தம்பி பேரும் இருந்துச்சு. ஆசையாத் தொறந்தேன். பூராவும் கிறுக்கல்! அலாமாக், ஐயய்யோ, தம்பி லெட்டரக் கெடுத்துட்டேனேன்னு மூடிட்டேன். ஆசிரியருக்கு எழுதினதும் போகல, என்னமோ திட்டுச்சு."

"என்னைக்கு?"

"புதன். நேத்தும் பேப்பரத் தொறந்ததும் தானா இன்னுங் கொஞ்சம் இறங்குச்சு."

"இன்னைக்கு வெள்ளி. ஏன் சொல்லல?"

"நீங்க காலுக்கு ஊசி போட்டுப் படுத்திருக்கீங்க. அங்க வந்து, உங்க லெட்டரெல்லாம் வீணாப் போச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

திட்ட நேரமில்லை. அவள் பெரியதைத் திறந்து, அதன் அஞ்சல் பக்கத்துக்குப் போனாள். பதினான்கு கடிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எடை குறைப்பவன் மூன்று முறை வந்திருந்தான். ஏழாவது, ஜெயாவுக்கு, இங்கிலாந்திலிருந்து.

மணி ஐந்து ஆகப் பத்து நிமிடம்.

"தொற," என்றேன்.

"அது ஜெயாவோடது."

"எடுத்துட்டோம்னுதான் இருக்கும். சரின்னு ஒரு வரி எழுதிப் போடு. நேரத்தப் பாரு."

"அவ வாயால சொல்லாம நான் எப்படிச் சரின்னு எழுதுறது? போற ஆளு நானா?"

அவளோடு வாதாடுவதைவிட முதியோர் இல்லத்துக்குப் போன் செய்வது வேகம் என்று நானே எண்ணைச் சுழற்றினேன். எடுத்த பெண், இடைவேளை முடிந்துவிட்டது, வேலை நேரத்தில் சொந்த அழைப்புக்கு ஆளைக் கூப்பிட மாட்டோம் என்றாள். நானும் வார்டு நடத்தியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதனால் கோபம் வரவில்லை. மருதமுத்துவைப் பார்த்தேன்.

"மோட்டார் சைக்கிள்ல எண்ணெய் இருக்கா?"

"இருக்கு மிஸ்ஸி."

"புக்கிட் பாரு போயி ஜெயாவ ஏத்திக்கிட்டு வாங்க. லெட்டர் வந்திருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கதை அளக்காதீங்க."

சாரத்தை மாற்றிக்கொள்ளாமலே போனார். பத்தே நிமிடத்தில் மழை கொட்டியது. சந்திரமதி சும்மா இருக்கவில்லை. அனுப்பியவர் முகவரியைத் தாளில் எழுதி, சின்னதில் புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து ஏற்றினாள். பெரியதிலிருந்து வெளியே கடிதம் போகாது. ஆசிரியருக்கு எழுதியது நின்றதிலிருந்து தெரிகிறதே. ஆறு மணி ஆயிற்று. ஆறு பத்து. நான் அவள் கட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை.

ஆறே காலுக்கு இருவரும் நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஜெயா சீருடையில் இருந்தாள், ஏழரை மணி வரை அனுமதி வாங்கியிருந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபடியே திரையைப் படித்தாள். படித்து முடித்தும் சிரிக்கவில்லை.

"பகல் வேலை இல்லையாம்," என்றாள். "அத வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. ஞாபகம் போன ஆளுங்க வார்டு, நைட்டு. ஒரு வருஷம் முழுக்க நைட்டுதானாம். சம்மதம்னா எப்ப வர முடியும்னு சொல்லணும், ஜாமீன் சொல்ல ஒரு தாதி பேரு குடுக்கணும்."

நான் சரி என்று எழுதச் சொன்ன கடிதம் இதுதான். சந்திரமதி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி.

"என் பேரக் குடு," என்றேன். "மத்தத நீ முடிவு பண்ணு."

ஜெயா நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்தாள். "மிஸ்ஸி, நீங்க நைட்டு பாத்திருக்கீங்கள்ல? முடியுமா?"

"ஒன்பது வருஷம் பாத்தேன். கால் வீங்கும். பகல்ல தூங்க சன்னலுக்குக் கறுப்புத் துணி வேணும். ஞாபகம் போனவங்க ராத்திரியிலதான் எந்திரிச்சு நடப்பாங்க, அதனால உக்கார நேரம் கெடைக்காது. ஆறு மாசம் தாங்கலாம். ஒரு வருஷம் தொடர்ந்து பாத்தா நீயே நோயாளி."

மருதமுத்து முகத்தைத் துடைத்தபடி, "ஒத்துக்க ஆயி. போயி சேந்துட்டா அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே," என்றாள் ஜெயா. சுவரை விட்டு நிமிர்ந்தாள். "ஆண்டி, எழுதுங்க. சம்மதம். நவம்பர் ஒன்னு வரேன். ஆறு மாசம் நைட்டு செய்றேன். ஏழாவது மாசம் பகலுக்கு மாத்தணும். அத இப்பவே எழுத்துல குடுக்கணும்."

"ஏம்மா, நாப்பது நிமிஷம் இருக்கையில நிபந்தனையா?" என்று மருதமுத்து தலையில் கைவைத்தார். சந்திரமதியின் விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. ஜெயா சொன்னதை நல்ல ஆங்கிலத்தில் அடித்தாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படித்துக் காட்டினாள். ஜெயா தலையசைத்தாள். முதல் முறை இணைப்புக் கிடைக்கவில்லை. மழைக்கு அப்படித்தான். இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவதில் மோடம் கீச்சிட்டது. ஆறு நாற்பத்தொன்றுக்குக் கடிதம் போனது.

பிறகு காத்திருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் சந்திரமதி, மருதமுத்துவின் தம்பி எழுதிய கிறுக்கலை அப்படியே நகலெடுத்துச் சின்னதில் ஒட்டினாள். தமிழ் வரிசையாக எழுந்து நின்றது.

"அட!" என்றார் மருதமுத்து. "கெட்டுப் போகல!"

"கெட்டுப் போகாது. படிக்கத் தெரியாத எடத்துல வச்சு படிச்சீங்க. போயி ஓரமா உக்காந்து படிங்க. பெரியதுல இனிமே ஆசிரியர் முகவரியத் தட்டினீங்க, சாவிய வாங்கிடுவேன். பெரியதுலேர்ந்து அந்த அஞ்சலையே தேவதாஸ வச்சு நிறுத்தப் போறேன். இது என் தப்பு, முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

தன் தப்பு என்று அவள் சொல்லும் குரலில் அழுகையோ குழைவோ இருக்காது. கடை மூடும் நேரம் சொல்வதுபோல் சொல்வாள். அடுத்த நாளே தேவதாஸைக் கூப்பிட்டு அதைச் செய்தும் முடித்தாள். இணைப்புக் கடவுச்சொல்லையும் மாற்றினாள். பதினோரு வீட்டுக்கும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒரு வீடுகூட முகவரியை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏழு அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது சின்னதை மறுபடி கேட்கச் சொன்னாள். ஒரு கடிதம். அது ஜெயாவின் பெட்டியில் போய் விழுந்தது. சந்திரமதி திறக்காமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டாள். ஜெயா குனிந்து தானே திறந்தாள்.

மேற்பார்வையாளர் அம்மாள் இரண்டு வரிதான் எழுதியிருந்தார். ஆறு மாதம் இரவு, பிறகு பகல்; ஒப்பந்தத்தில் அப்படியே வரும். நவம்பர் ஒன்று ஏற்கப்பட்டது.

ஜெயா அதை இரண்டு முறை படித்தாள். "பிரிண்ட் எடுத்து வைங்க ஆண்டி, காலையில வந்து வாங்கிக்கிறேன்," என்றாள். ஈரத் தலையை என் துண்டால் ஒற்றிக்கொண்டு மருதமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மோட்டார எடுங்கண்ணே. ஏழரைக்கு மூனாம் ரூம்பு தாத்தாவுக்குக் கஞ்சி குடுக்கணும். நான் ஊட்டினாத்தான் வாயத் தொறப்பாரு."